பற்றிலிருந்து பிரதேச சபை வரை: அம்பாறைக் கரையோர ஊர்களும் உள்ளூராட்சியும்

2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றபோது, கிழக்கிலங்கையின் முக்கிய வர்த்தக நகரங்களுள் ஒன்றான கல்முனையின் மக்கள் வாக்களிக்கவில்லை. கல்முனை மாநகர சபை தொடர்பான வழக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தமையே அதற்குக் காரணமாகும். 2018 பெப்ரவரியில் தெரிவுசெய்யப்பட்ட சபையின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. ஏனைய ஊர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின்னர் தமது சபைகளை மீளப் பெற்றுக்கொண்டன. கல்முனை அன்று அவற்றோடு சேரவில்லை.

இந்நிலைமையை அரசியல்வாதிகளின் போட்டியென்றோ, தமிழ் முஸ்லிம் முரண்பாடென்றோ, ஊருக்கு ஊர் உள்ள பகையென்றோ சுருக்கமாகக் கூறிவிடுவோர் உளர். அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் வயலை நம்பி எழுந்த இவ்வூர்கள் எவ்வாறு நகரங்களாயின, அவற்றை ஆளும் எல்லைகளை யார் எப்போது வரைந்தனர் என்பதை அறியாமல் இன்றைய பிணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. எனவே அவ்வரலாற்றைச் சுருக்கமாகவேனும் இங்கு எடுத்துரைப்பது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

மணல் மேட்டில் வீடு, மேற்கே வயல்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத்தில் ஊர்கள் அமைந்துள்ள முறை கவனிக்கத்தக்கது. கிழக்கே கடல், அதனையொட்டி ஒடுங்கிய மணல் மேடு, அம்மேட்டில் தென்னையும் வீடுகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. மக்கள் குடியிருப்பது மேட்டில், வெள்ளாமை செய்வது பள்ளத்தில் என்பதே இப்பிரதேசத்தின் அடிப்படை அமைப்பாகும். சம்மாந்துறை போன்று வயல்களின் நடுவே அமைந்த ஊர்கள் சிலவே. சம்பான் எனும் படகுகள் வந்து தங்கிய துறையாதலால் அவ்வூர் அப்பெயர் பெற்றதென்பர்.

இந்நிலப்பரப்பு முற்காலத்தில் 'பற்று'களாக வகுக்கப்பட்டிருந்தது. கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்பன தெற்கிலும், எருவில்பற்று, போரதீவுப்பற்று, மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று என்பன வடக்கிலும் இருந்தன. பற்று என்பது ஒரு நகரத்தின் பெயரன்று. வயல்களும் அவற்றுக்கு நீர் தரும் குளங்களும் அவற்றை நம்பிய குடியிருப்புகளும் சேர்ந்த ஒரு நிலப்பகுதியே பற்று எனப்பட்டது. இன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச சபைகள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் அப்பழைய சொல் அப்படியே நிலைத்திருப்பதை வாசகர்கள் அறிவர். அக்கரைப்பற்றிலோ பற்றின் பெயரே நகரத்தின் பெயராகவும் மாறிவிட்டது.

பற்றுகளுக்குப் பொறுப்பாக ஆங்கிலேயர் காலத்தில் வன்னிமைகள் இருந்தனர். ஆயினும் ஊரின் அன்றாட ஆட்சி அவர்களோடு முடிந்துவிடவில்லை. வயல்களின் நீர்ப்பங்கீட்டையும் வேலி அடைப்பையும் கால்நடைகளைக் கட்டுப்படுத்துவதையும் வட்டைவிதானைமார் கவனித்தனர். கோயில் நிர்வாகத்தை வண்ணக்கர்மாரும், பள்ளிவாசல் நிர்வாகத்தை மரைக்காயர்மாரும், குடி வழியாகத் தெரிவாகி நடத்தினர். தாய்வழி வரும் இக்குடிமுறை தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவருக்கும் பொதுவாக இருந்தமை இப்பிரதேசத்தின் தனிச்சிறப்பாகும். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத உள்ளூராட்சி அது. அதிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது; பெருநிலம் வைத்திருந்த போடிமாரின் சொல்லே பெரும்பாலும் மேலோங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வயலுக்காகப் பிறந்த சட்டங்கள்

இந்நாட்டின் கிராமிய உள்ளூராட்சிச் சட்டங்கள் நகரத்தின் தேவைக்காகத் தோன்றியவையல்ல என்பது பலரும் மறந்துவிட்ட உண்மை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணிகளின் நீர்ப்பாசனம் தொடர்பான பழைய வழக்கங்களை மீண்டும் நடைமுறைப்படுத்த இடமளித்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களின் புனரமைப்பும் அவர் காலத்து முயற்சிகளே. பின்னர் 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் கிராம சபைக்கும் கிராம நீதிமன்றத்துக்கும் சட்ட வடிவம் கொடுத்தது.

நகரங்களுக்கான சட்டங்கள் வேறு வழியில் வந்தன. 1865 இல் மாநகர சபைகளுக்கான சட்டமும், 1876 இல் உள்ளூர்ச் சபைகளுக்கான சட்டமும், 1892 இல் சிறு பட்டினங்களின் சுகாதாரத்துக்கான சட்டமும் இயற்றப்பட்டன. கடைத்தெரு, கழிவு, கொள்ளைநோய் ஆகியவையே இவற்றின் அக்கறை. இவ்வாறு கிராமத்துக்கு ஒரு சட்டம், கடைத்தெருவுக்கு இன்னொரு சட்டம் என்ற பிரிவு அன்றே ஏற்பட்டுவிட்டது. 1939 இல் நகர சபைகள், 1946 இல் பட்டின சபைகள், 1947 இல் மாநகர சபைகள் எனத் தனித்தனிச் சட்டங்கள் வந்தபோது அப்பிரிவு மேலும் உறுதியடைந்தது.

இதன்படியே கல்முனைக் கடைத்தெருவுக்குப் பட்டின சபையும், அதனைச் சூழ்ந்த ஊர்களுக்குக் கரவாகு வடக்கு, கரவாகு மேற்கு, கரவாகு தெற்கு எனக் கிராம சபைகளும் அமைந்தன. கரவாகு தெற்கு என்பதே இன்றைய சாய்ந்தமருது. நான்கு சபைகளும் சிறியவை, வருமானமும் சிறியதே. எனினும் தமது ஊரின் கிணற்றையும் ஒழுங்கையையும் பற்றிக் கேட்பதற்கு ஊரவர் நடந்து செல்லக்கூடிய தூரத்தில் ஒரு சபை இருந்தது.

ஆற்றுக்கு அணை, காட்டுக்குள் நகரம்

சுதந்திரத்தின் பின்னர் இப்பிரதேசத்தின் முகத்தை மாற்றியது கல்லோயாத் திட்டம். தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை கட்டும் பணி 1949 இல் ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமான மொரிசன் நூட்சன் அணையைக் கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் கீழ் குடியேற்றக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் குடியமர்த்தப்பட்டோரில் பெரும்பாலானோர் வேறு மாகாணங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகளாவர். 1956 ஜூனில் இப்பள்ளத்தாக்கு இனவன்முறையையும் கண்டது.

குளக்கரைச் சிற்றூராக இருந்த அம்பாறை, திட்டத்தின் அலுவலகங்களும் விடுதிகளும் அமைந்தமையால் நகரமாயிற்று. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது கச்சேரியும் அங்கேயே நிறுவப்பட்டது. கரையோர நகரங்கள் நெல்லும் மீனும் வணிகமும் சேர்ந்து மெதுவாக வளர்ந்தவை. அம்பாறை நகரமோ அரசின் திட்டத்தினால் ஒரு தலைமுறைக்குள் உருவானது. ஒரே மாவட்டத்துக்குள் இவ்விருவகை நகரங்களும் இருப்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இம்மாற்றத்தின் பின்னர் கரையோர விவசாயியின் நிலை வேறாயிற்று. அவனது வயலுக்கு வரும் நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையிலும், அரச காணி பற்றிய முடிவு கச்சேரியின் கையிலும் இருந்தன. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய வயல் விதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. அவை பின்னர் வந்த சட்டங்களால் மாறி, 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகளாக இயங்குகின்றன. சட்டம் ஒழித்த பின்னரும் வட்டைவிதானை என்ற பெயரும் பணியும் எமது வயல்களில் மறையவில்லை.

ஆக, வயலுக்கென்று பிறந்த உள்ளூராட்சியிடமிருந்து வயல் முழுமையாகப் பிரிந்துவிட்டது. எஞ்சியவை சந்தை, வீதி, வடிகால், தெருவிளக்கு, கழிவகற்றல், மயானம், நூலகம், கட்டட அனுமதி என்பனவே.

கலைக்கப்பட்ட ஊர்ச் சபைகள்

1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின் விளைவாக, 1981 இல் நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பட்டின சபைகளும் இல்லாதொழிந்தன. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. 1987 இல்தான் கல்முனையின் நான்கு சபைகளும் ஒன்றாக்கப்பட்டன என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. உண்மையில் அவை தமது உயிரை 1981 இலேயே இழந்துவிட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், இழந்த நான்கைத் திருப்பித் தராமல், உதவி அரசாங்க அதிபர் பிரிவை அடிப்படையாகக் கொண்டு ஒரே பிரதேச சபையைத் தந்தது.

பிரதேச சபைகளுக்கு நாட்டின் ஏனைய பகுதிகளில் 1991 இல் தேர்தல் நடைபெற்றது. கிழக்கில் 1994 இலேயே அது சாத்தியமாயிற்று. அதாவது, பழைய கிராம, பட்டின சபைகளின் கீழ் வாழ்ந்த கிழக்கு மக்களுக்கு 13 ஆண்டுகள் தமது ஊருக்கென்று தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் இரு சமூகங்களுக்கிடையிலான வன்செயல்களும் நிகழ்ந்த காலம் அது. கூடிப்பேசுவதற்கு மிகவும் தேவையாக இருந்த ஆண்டுகளில் கூடிப்பேசும் மன்றம் இல்லாமற் போயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டையும் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். பிரதேச செயலகம் என்பதும் பிரதேச சபை என்பதும் ஒன்றல்ல. முன்னது பழைய காரியாதிகாரி அலுவலகத்தின் வழிவந்தது. காணி, பதிவு, சமூகநல உதவிகள் முதலியவற்றை மத்திய அரசின் நிர்வாகமாக நடத்துவது. பின்னது மக்களால் தெரிவுசெய்யப்படுவது. 1989 முதல் இயங்கிவரும் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தமிழ் மக்கள் 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை சென்று கோரியது முன்னதைப் பற்றியது. சாய்ந்தமருது மக்கள் தனியான நகர சபை கேட்பது பின்னதைப் பற்றியது. இரண்டும் ஒரே நிலத்தின் மீது எழுந்த கோரிக்கைகளாதலால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒன்றைத் தீர்க்க முனைந்தால் மற்றையது குறுக்கே நிற்கின்றது.

சாய்ந்தமருதின் கோரிக்கையை ஏற்று 2020 பெப்ரவரியில் அதிவிசேட வர்த்தமானி வெளியாயிற்று. மக்கள் மகிழ்ந்து கொண்டாடிய சில நாட்களுக்குள் அமைச்சரவை அதனை இடைநிறுத்தியது. ஓர் ஊருக்குக் கொடுத்தால் மற்றைய ஊர்களும் கேட்கும் என்பதே அன்று கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. கேட்பது தவறா என்ற வினாவுக்கு எவரும் விடையளிக்கவில்லை.

கடைத்தெருவும் அதன் வருமானமும்

பிணக்கின் வேர் எங்கே உள்ளது? எமது கருத்தில் அது பெரும்பாலும் வருமானத்தில் உள்ளது. பிரதேச சபையோ நகர சபையோ தன் சொந்த வருமானத்தைச் சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், காணிக் கைமாற்றத்தின் மீதான முத்திரைத் தீர்வை போன்றவற்றிலிருந்து பெறுகின்றது. இவை செறிவாகக் கிடைப்பது கடைத்தெருவிலும் கட்டடங்கள் நெருங்கிய பகுதியிலுமே. வயல் பரந்த பகுதியிலிருந்து சபைக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் அக்கடைத்தெருவை வளர்த்தது சுற்றியுள்ள வயல்களின் நெல்லும் கடலின் மீனும் என்பதை யார் மறுக்க முடியும்?

எனவே எல்லைக் கோடு எங்கே வரையப்படுகின்றதென்பது வெறும் பெருமைப் பிரச்சினையன்று. கடைத்தெரு எந்தப் பக்கம் விழுகின்றதோ அந்தப் பக்கம் வருமானம் செல்லும். மற்றைய பக்கத்தில் வீதிகளும் செலவும் எஞ்சும். ஒன்றாக இருக்கும்போது தமது ஊருக்கு உரிய பங்கு வரவில்லையென்று ஓரத்து ஊர்கள் முறையிடுகின்றன. பிரிந்தால் வாழ முடியுமா என்று மற்றைய ஊர்கள் அஞ்சுகின்றன. இரண்டும் நியாயமான கவலைகளே.

அக்கரைப்பற்றின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடுத்தடுத்து வாழும் மக்கள் அங்கே அக்கரைப்பற்று மாநகர சபை, அக்கரைப்பற்றுப் பிரதேச சபை, ஆலையடிவேம்புப் பிரதேச சபை என மூன்று மன்றங்களின் கீழ் உள்ளனர். தமிழ் மக்கள் செறிந்த ஆலையடிவேம்பு தனக்கென ஒரு சபையைப் பெற்றிருப்பது அங்கு பெரும் பிணக்குக்கு இடமளிக்கவில்லை. அதேவேளை, 2011 இல் நகரப்பகுதி மாநகர சபையாகப் பிரிந்தபோது, எஞ்சிய சில கிராமங்களோடு அக்கரைப்பற்றுப் பிரதேச சபை நாட்டின் மிகச் சிறிய சபைகளுள் ஒன்றாகிவிட்டது. பிரிவினை சிலருக்கு வழியாகின்றது. சிலருக்கு வெறும் பெயர்ப்பலகையாகின்றது.

எல்லை தாண்டும் துன்பங்கள்

எல்லைகளைப் பற்றி நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், எல்லைகளை மதிக்காத பிரச்சினைகள் வளர்ந்துவருகின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமே; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் வேறுபாடின்றி அலை புகுந்தது. கடற்கரையில் மீளக் கட்டுவதற்குத் தடை வந்தபோது மணல் மேட்டு ஊர்களுக்கு மாற்று நிலம் இருக்கவில்லை. மேற்கே வயல் மட்டுமே இருந்தது. அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு எவ்விகிதத்தில் வழங்குவதென்ற வழக்கினால் பல ஆண்டுகள் பகிர்ந்தளிக்கப்படாமல் பற்றை மூடிக் கிடந்தன. காணியைப் பற்றிய அம்முடிவில் உள்ளூர்ச் சபைக்கு எந்தக் குரலும் இருக்கவில்லை.

கழிவகற்றலும் அவ்வாறே. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களின் குப்பைகள் பள்ளக்காட்டில் கொட்டப்பட்டன. அங்கு வந்து பிளாஸ்டிக்கை உண்ட யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 இறந்ததாக 2022 ஜனவரியில் உலகெங்கும் செய்தி வெளியாயிற்று. தமிழ்ச் சபை, முஸ்லிம் சபை என்று தனித்தனியே எல்லை காத்தவர்கள் குப்பையை மட்டும் ஒரே இடத்தில் கொட்டினர். அந்த இடத்தைச் சேர்ந்து ஒழுங்காக நடத்துவதற்கே ஒற்றுமை போதவில்லை.

இன்னொன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். மணல் மேட்டில் இடமின்றி ஊர்கள் மேற்கு நோக்கி வளர்கின்றன. வயல்கள் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. நெற்காணியை நிரப்புவதற்குக் கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதில் கட்டடம் எழுப்புவதற்கு உள்ளூர்ச் சபையின் அனுமதி வேண்டும். இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கேளாதபோது வாய்க்கால் மூடப்படுகின்றது. மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வருகின்றது. கோடையில் அடுத்த வயலுக்கு நீர் செல்வதில்லை. பற்றுக் காலத்து வட்டைவிதானை ஒருவரே ஒரு நடையில் பார்த்து முடித்த வேலை இது.

செய்ய வேண்டியவை

பழைய பற்றுக்குத் திரும்ப வேண்டுமென நாம் கூறவில்லை. வன்னிமையும் போடிமாரும் மக்களால் தெரிவானவர்களல்லர். ஆனால் நீர், நிலம், குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்த அந்த அறிவு இழக்கப்படக்கூடாததென்கிறோம்.

முதலாவதாக, சபைகளின் எல்லைகள் வர்த்தமானி வெளியிட்டு அடுத்த வாரம் மீளப்பெறும் சலுகைகளாக இருக்கக்கூடாது. சனத்தொகை, சொந்த வருமானம், ஊர்களின் தொடர்ச்சி, சேவைக்கான தூரம் ஆகிய அளவுகோல்கள் முன்கூட்டியே வெளியிடப்பட்டு, எல்லா ஊர்களின் கருத்தும் பகிரங்கமாகக் கேட்கப்பட வேண்டும். கரவாகுவின் நான்கு சபைகளை மீள அமைப்பதா, வேறு எண்ணிக்கையா என்பதும் அவ்வழியே தீர்மானிக்கப்படலாம்.

இரண்டாவதாக, பிரிவினைக்கு முன்னர் வருமானப் பங்கீடு பேசப்பட வேண்டும். சுற்றயல் ஊர்களின் உழைப்பில் வளர்ந்த கடைத்தெருவின் வருமானத்தில் அவ்வூர்களுக்கும் ஒரு பங்கு உறுதிசெய்யப்படுமாயின், பிரிவதற்கான அவசரமும் பிரிவதைத் தடுப்பதற்கான அச்சமும் ஒருங்கே தணியும்.

மூன்றாவதாக, கழிவு, வடிகால், வயல் நிரப்புதல் ஆகியவற்றுக்குக் கரையோரச் சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் சேர்ந்த கூட்டுக்குழு ஒன்று வேண்டும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள் ஒன்றாக அமர்ந்து எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளில் விதைப்பது எனத் தீர்மானிக்கின்றனர். வயலில் இன்றும் இயலுகின்ற இந்த வழக்கம் நகரத்தில் மட்டும் இயலாதென்பது ஏற்புடையதன்று.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம் மக்களைக் கொண்ட அம்பாறை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் தனித்துப் பெரும்பான்மையாக இருக்கவில்லை. இத்தகைய மாவட்டத்தில் உள்ளூராட்சி என்பது ஒருவரையொருவர் வெல்வதற்கான களமாக இருக்க முடியாது. கல்முனை மக்களுக்கு அவர்களது வாக்குரிமை தாமதமின்றி மீளக் கிடைக்க வேண்டும். அதற்கான பேச்சு தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகளுக்கிடையே முதலில் ஆரம்பமாக வேண்டும். கொழும்பில் வரையப்படும் கோட்டுக்காகக் காத்திருப்பது கடந்த நாற்பது ஆண்டுகளில் எவருக்கும் நன்மை தரவில்லை என்பதை இரு சமூகங்களின் தலைவர்களும் உணர்வார்களாக.